மீன் பிடிப்பது படையெடுப்பா?

"எல்லை தாண்டிப் போனால் இலங்கைக்காரன் சுடத்தானே செய்வான், அவன் நாட்டை அவன் காப்பாற்றுகிறான்." பட்டுக்கோட்டை டீக்கடையில் இப்படிச் சொல்பவர், ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரை போனபோது மட்டும் கடலைப் பார்த்தவராக இருப்பார், அவரை மன்னிக்கலாம். தொலைக்காட்சி விவாதங்களில் இதையே 'தற்காப்பு உரிமை' என்று சட்டம் போலப் பேசுகிறவர்களை மன்னிக்க முடியவில்லை.

ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு தற்காப்புக்கு இடம் கொடுப்பது ஆயுதத் தாக்குதல் நடந்தால்தான். இறால் தேடிப் போன மல்லிப்பட்டினத்து விசைப்படகு யாரையும் தாக்கவில்லை. 1976ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாட்டின்படி அது இலங்கைக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது, சரி. அதன் இழுவைமடி வலை யாழ்ப்பாணத்து மீனவரின் வலையை அறுத்துவிட்டுப் போகிறது, அதுவும் உண்மை. நம் ஊரில் இதை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. அதற்குப் படகைப் பிடிக்கலாம், வழக்குப் போடலாம். அது போலீஸ் வேலை.

போலீஸ் வேலைக்கும் வரம்பு உண்டு. 1997இல் 'சாய்கா' என்ற எண்ணெய்க் கப்பலைக் கினி நாட்டு ரோந்துப் படகு சுட்டுப் பிடித்தது. ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடற்சட்டத் தீர்ப்பாயம் 1999இல் முறையைத் தெளிவாகச் சொன்னது: முதலில் நிற்கச் சொல்லிச் சைகை, நிற்காவிட்டால் அணியத்துக்கு முன்னே எச்சரிக்கை வேட்டு, எதுவும் பலிக்காத பிறகே பலப்பிரயோகம், அப்போதும் உயிருக்கு ஆபத்து வராதபடி. கினி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது.

2025 ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவு அருகே காரைக்கால் படகின் மீது குண்டு பாய்ந்தது. படகில் இருந்த 13 பேரில் இருவருக்குப் பலத்த காயம். துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்றது இலங்கைக் கடற்படை. அவர்களே கோராத உரிமையை நம் ஆட்கள் எடுத்துக் கொடுக்கிறார்கள்! 2022 அக்டோபரில் பாக் வளைகுடாப் பக்கம் நம் மீனவர் ஒருவரைக் காயப்படுத்தியது இந்தியக் கடற்படையின் 'பங்காரம்' கப்பல். நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை என்றார்கள். அந்தப் படகு எந்த நாட்டின் மீது படையெடுத்தது?

கடல் எல்லையில் நடப்பதெல்லாம் போர் என்ற இதே நம்பிக்கையின் மறுபக்கம், "தஞ்சாவூரில் சுகோய் போர் விமானம் நிற்கிறதே, அனுப்ப வேண்டியதுதானே?" என்ற வீராப்பு. எல்லாத் துப்பாக்கிச் சூடும் 51ஆவது பிரிவு சொல்லும் ஆயுதத் தாக்குதல் ஆகிவிடாது. மிகக் கடுமையானதையும் அந்த அளவுக்கு வராததையும் சர்வதேச நீதிமன்றம் 1986இல் நிகரகுவா வழக்கிலேயே பிரித்துவிட்டது.

குண்டுக்குப் பதில் குண்டு இல்லாமலும் கணக்குக் கேட்க வழி இருக்கிறது. 2012இல் கேரளக் கரைக்கு அப்பால், கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லி 'என்ரிகா லெக்சி' கப்பலின் இத்தாலியக் காவலர்கள் இரு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் கன்னியாகுமரிக்காரர். காவலர்களை இந்தியாவில் விசாரிக்க முடியாது என்று சர்வதேச நடுவர் மன்றம் சொல்லிவிட்டது, அது கசப்புத்தான். ஆனாலும் இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. கொழும்பிடம் டெல்லி அதே பிடிவாதத்தோடு கேட்கட்டும்: சுட்டது யார், யார் உத்தரவில், ஈடு எவ்வளவு?