குண்டா, கையொப்பமா?

2025 ஆம் ஆண்டு யூன் 13 ஆம் நாள் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. 22 ஆம் நாள் அமெரிக்கப் படைகள் போர்டோ, நத்தான்ஸ், இஸ்பகான் ஆகிய மூன்று இடங்களிலுள்ள அணு நிலையங்களைத் தாக்கின. ஈரானின் அணுத்திட்டம் அடியோடு அழிந்தது என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் முழங்கினார்.

அழிந்தது எது? கட்டடங்களும் இயந்திரங்களும் சிதைந்தன என்பதை எவரும் மறுக்கார். ஆயின் பிணக்கின் உயிர்நிலை கட்டடமன்று, யுரேனியம். தாக்குதல் தொடங்கிய அன்று 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 440 கிலோவுக்கு மேல் ஈரானிடம் இருந்தது என்பது சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் கணக்கு. அணுகுண்டுக்கு வேண்டிய தரம் ஏறத்தாழ 90 சதவீதம். குண்டு விழுந்தபின், யூலை மாதத்தில், ஈரான் முகவரகத்துடனான ஒத்துழைப்பை நிறுத்தியது. அந்த 440 கிலோ எங்கே இருக்கிறது என்பதை அவ்வாண்டு நவம்பர் வரையிலும் எந்தப் பரிசோதகரும் நேரிற் கண்டு உறுதிசெய்ய இயலவில்லை. அச்சத்தைப் போக்கவென்று வீசிய குண்டு, அச்சத்துக்குக் காரணமான பொருளைக் கண்ணுக்கு மறைத்துவிட்டது. இதுதானா வெற்றி?

இதற்குப் பத்தாண்டு முன்னர் நடந்ததை நினைவுகூர்வோம். 2015 யூலை 14 அன்று வியன்னாவில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி ஆகிய ஆறு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஈரானுடன் ஓர் உடன்பாடு கண்டன. செறிவூட்டல் 3.67 சதவீதத்தைத் தாண்டலாகாது. கையிருப்பு 300 கிலோவை மிஞ்சலாகாது. போர்டோவில் 15 ஆண்டுகளுக்குச் செறிவூட்டல் கூடாது. பரிசோதகர் வந்து பார்க்கத் தடையில்லை. கைம்மாறாகப் பொருளாதாரத் தடைகள் நீங்கும். அவ்வாண்டு முடிவதற்குள் 11 தொன்னுக்கு மேற்பட்ட செறிவூட்டிய யுரேனியம் கப்பலேறி ரஷ்யா சென்றது. ஒரு குண்டும் விழவில்லை. ஒரு தாயும் மகனை இழக்கவில்லை. ஈரான் சொற்படி நடக்கிறது என்று முகவரகம் அறிக்கைக்கு மேல் அறிக்கையாக உலகுக்கு உரைத்தது.

அந்த உடன்பாட்டை உடைத்தவர் யார்? 2018 மே 8 அன்று அமெரிக்காவே அதிலிருந்து விலகித் தடைகளை மீண்டும் சுமத்தியது. ஓராண்டுக்குப் பின்னரே ஈரான் வரம்புகளை ஒவ்வொன்றாக மீறத் தொடங்கியது. 2021 ஏப்ரலில் 60 சதவீதத்தை எட்டியது. நீதி கேட்டு வருபவன் மாசற்ற கையோடு வரவேண்டும் என்பது சட்டத்தின் பழைய விதி. உடன்பாட்டைத் தூக்கியெறிந்தவர், எதிரி அதன்படி நடக்கவில்லை என்று வழக்குரைப்பது எந்த நியாயத்தில் அடங்கும்? எழுதிய ஒப்பந்தம் கிழிபடுவதன் பொருளை 1958 ஏப்ரலில் நேரிற் கண்ட மக்கள் நாம். இதனை எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஈரான் குற்றமற்றது என்று நாம் கூறவில்லை. நத்தான்ஸ் நிலையத்தை 2002 வரையும், போர்டோவை 2009 வரையும் அது உலகின் கண்ணில் மறைத்தே வைத்திருந்தது. தன் கடப்பாடுகளை ஈரான் நிறைவேற்றவில்லை என்று முகவரகத்தின் ஆளுநர் சபை 2025 யூன் 12 அன்று தீர்மானித்ததும் உண்மை. ஐயத்துக்கு இடமுண்டு. ஐயத்துக்கு மருந்து பரிசோதனையேயன்றிக் குண்டன்று.

மிரட்டாமல் ஈரான் பேச வந்திருக்குமா என்று வினவுவோர் உளர். நியாயமான வினா. தடைகளின் நெருக்குதல் 2015 உடன்பாட்டுக்கு உதவியது என்பதை நாமும் ஒப்புவோம். ஆனால் அன்று நெருக்கியவர்கள் வெளியேறும் வழியையும் திறந்துவைத்தனர். இணங்கினால் தடை நீங்கும் என்று எழுதிக் கொடுத்தனர். 2025இல் நடந்தது வேறு. ஓமானின் நடுநிலையில் பேச்சுகள் ஐந்து சுற்று நடந்தேறின. ஆறாவது சுற்றுக்கு யூன் 15 என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னதாகக் குண்டு விழுந்தது. பேச வந்தாலும் அடி, வராவிட்டாலும் அடி என்றால், பேச வருவதற்கு எவன் துணிவான்?

வேலித் தகராற்றில் கத்தியோடு நிற்பவனை எம் கமக்காரர் அறிவர். கத்தியைக் கண்டு அயலவன் ஒருநாள் ஒதுங்கலாம். இரவோடிரவாகக் கதியாலைப் பிடுங்கி நடுவான். காணி உறுதியும் நில அளவையாளனின் சங்கிலியுமே எல்லையை முடிவுசெய்பவை. வடகொரியாவே இதற்குச் சான்று. 1994 உடன்பாடு நின்ற காலமெல்லாம் அதன் புளூட்டோனிய உலை பரிசோதகரின் கண்காணிப்பில் முடங்கிக் கிடந்தது. ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி உடன்பாடு முறிந்ததும், 2002 முடிவில் பரிசோதகர் வெளியேற்றப்பட்டனர். 2006இல் குண்டு வெடித்தது.

எங்கோ நடப்பது எமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கு ஏற்ப அமைந்தது. 2012இல் அமெரிக்கத் தடைகள் இறுகியபோது அது இடர்ப்பட்டது. வாங்கிய எண்ணெய்க்குச் செலுத்தவேண்டிய 25 கோடி 10 இலட்சம் டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென 2021 திசம்பரில் இலங்கை உடன்பட்டது. வல்லரசுகளின் பிணக்குக்கு மலையகத் தமிழரின் கூடைக் கொழுந்தும் விலையாயிற்று.

வல்லமை உடையவன் எந்த விதியுமின்றி வாழலாம். எளியவனுக்குச் சட்டமே அரண். பிற நாட்டின்மீது படைப்பலத்தை ஏவுவதை மட்டுமன்று, ஏவுவேன் என்று மிரட்டுவதையும் ஐக்கிய நாடுகளின் சாசனம் இரண்டாம் உறுப்புரையில் விலக்கியுள்ளது. பிணக்குகளைப் பேச்சாலும் நடுவராலும் தீர்க்குமாறு முப்பத்துமூன்றாம் உறுப்புரை பணிக்கின்றது. இவ்விரண்டையும் ஓங்கி உரைப்பது இலங்கை போன்ற சிறு நாடுகளின் கடமை.

பரிசோதகர் தடையின்றி உள்ளே செல்லட்டும். அவர்கள் எண்ணிச் சரிபார்க்கும் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு தடை நீங்கட்டும். இட்ட கையொப்பத்தை எந்தத் தலைநகரமும் தன்னிச்சையாக அழிக்காதிருக்கட்டும். யுரேனியத்தை எண்ணிக் கணக்கெடுக்கக் குண்டுக்குத் தெரியாது.