மிச்சமாகும் நிமிஷம் யாருக்கு?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோயாளியின் பக்கத்தில் நிற்கும் நேரம் குறைவு. மருந்து தேடியும், துணி தேடியும், ரிஜிஸ்தர் எழுதியும் அலைகிற நேரம் அதிகம். ஆகவே வார்டின் வேலைமுறையைத் திருத்துங்கள், நர்ஸுக்கு நேரம் மிச்சமாகும், நோயாளிக்கு நல்ல கவனிப்புக் கிடைக்கும் என்று நிர்வாக நிபுணர்கள் உபதேசம் செய்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் பஞ்சாலைத் தோழர்களுக்குக் கேட்டவுடனே சந்தேகம் வரும். வரவேண்டியதுதான்!

கையில் கடிகாரத்துடன் பக்கத்தில் வந்து நிற்கும் ஆசாமியை ஆலைத் தொழிலாளி நன்றாக அறிவான். 'வீண் அசைவைக் குறைக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டுதான் அவன் வந்தான். குறைந்தது அசைவா? இரண்டு தறி பார்த்தவன் தலையில் நாலு தறி ஏறியது. பக்கத்தில் நின்றவன் தெருவுக்குப் போனான். ரேஷனலைசேஷன் என்று அதற்குப் பெயர். அதை எதிர்த்து 1955ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அந்தக் கடிகாரம் வார்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் சர்க்காரின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்தவை. அங்கே டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையின் முறையைப் பின்பற்றி, வார்டு வேலையைத் திருத்தும் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அதைப் பரப்ப 2008ல் 5 கோடி பவுன் ஒதுக்கினார்கள். நர்ஸின் பின்னால் ஒருவர் கடிகாரத்துடன் நடந்து, எத்தனை நிமிஷம் நோயாளியிடம், எத்தனை நிமிஷம் நடையில், எத்தனை நிமிஷம் தேடலில் என்று குறித்துக்கொள்வார்.

அதில் நல்லதும் இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. அடிக்கடி வேண்டிய சாமான்கள் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தன. எந்தப் படுக்கைக்காரருக்கு என்ன நிலைமை என்பதை ஒரு பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்றாயிற்று. மருந்து கொடுக்கும் வேளையில் நர்ஸைக் குறுக்கே கூப்பிடக்கூடாது என்று தெரிவிக்கும் சிவப்பு மேலங்கியும் சில வார்டுகளில் வந்தது. எதை எங்கே வைப்பது என்பதை மேலதிகாரி அல்ல, வார்டில் பாடுபடும் நர்சுகளே தீர்மானிக்க வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தின் கொள்கை. இதை எதிர்ப்பவன் மூடன்.

ஆனால் அலமாரியைத்தான் நகர்த்தலாம். இல்லாத நர்ஸை எந்த அலமாரியிலிருந்து எடுப்பது?

அதே பிரிட்டனில் ஸ்டாஃபோர்டு நகர ஆஸ்பத்திரியின் நிர்வாகம் 2006-07ல் 1 கோடி பவுன் சிக்கனம் பிடிக்கக் கிளம்பியது. 150க்கு மேற்பட்ட வேலைகளை வெட்டித் தள்ளியது. நடந்தது என்ன? குடிக்கத் தண்ணீர் கைக்கெட்டாமல் நோயாளிகள் தவித்தார்கள். அழுக்கான படுக்கையிலேயே மணிக்கணக்கில் கிடந்தார்கள். ராபர்ட் பிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் தலைமையில் நடந்த பகிரங்க விசாரணையின் அறிக்கை 2013ல் இதையெல்லாம் அம்பலத்துக்குக் கொண்டுவந்தது. இதற்கிடையே, 2008ல் சூதாடித் தோற்ற பாங்குகளைப் பொதுப்பணத்தால் தூக்கி நிறுத்திய அந்த நாட்டில், சுகாதார சேவை 2014க்குள் 1,500 கோடி முதல் 2,000 கோடி பவுன் வரை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று 2009லேயே தாக்கீது பிறந்துவிட்டது. பாங்குக்காரன் தோற்றதற்கு நோயாளி பத்தியம் இருக்க வேண்டுமாம்!

நிபுணர்கள் கணக்குக் கேட்பார்கள். கணக்கும் உண்டு. ஐரோப்பாவில் 9 நாடுகளின் 300 ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷன் செய்துகொண்ட 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2014ல் முடிவை வெளியிட்டார்கள். நர்ஸ் ஒருவர் பார்க்கவேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், ஆபரேஷன் ஆனவர் ஒரு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. தறி கூடினால் நூல் அறும். இங்கே அறுவது உயிர்.

நம் நாட்டுக்கு வருவோம். போதனா ஆஸ்பத்திரியின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு 1 நர்ஸ், லீவுக்கு ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆள் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவு வேளையில் எந்தப் பெரியாஸ்பத்திரி வார்டிலாவது போய் எண்ணிப் பாருங்கள்!

மீதி வேலையை யார் செய்கிறார்கள்? நோயாளியோடு வந்தவர்கள் செய்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது மகன். ரத்தக் குப்பியைப் பரிசோதனைக் கூடத்துக்குச் சுமப்பது தம்பி. சலைன் தீர்ந்துவிட்டதா என்று இரவு முழுதும் கண்விழித்துப் பார்ப்பது மனைவி. நடவுக்குப் போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு அவள் வார்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நர்ஸின் சம்பளத்தை சர்க்கார் மிச்சம் பிடித்தால், பத்துக் குடும்பங்கள் தங்கள் கூலியிலிருந்து அதைக் கட்டுகின்றன. எந்த நிபுணரின் கடிகாரமாவது இந்த நேரத்தை அளந்ததுண்டா?

நர்சுகளின் கதியோ? 2015ல் தமிழ்நாட்டில் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று வாக்குறுதி. வாக்குறுதி காற்றில் போனதால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நோயாளிகளைக் கைவிட்டார்கள்' என்று கண்ணீர் விட்ட பெரிய மனிதர்கள், காலி இடங்களை நிரப்பாமல் நோயாளிகளைக் கைவிட்டது யார் என்று கேட்கவில்லை.

வேறு வழியே இல்லையா? அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் நர்சுகளின் சங்கம் பாடுபட்டு 1999ல் சட்டம் கொண்டுவரச் செய்தது. 2005 முதல் சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிகளுக்கு மேல் கூடாது. அதைத் தள்ளிப்போட கவர்னர் ஷ்வார்ஸ்நெகர் உத்தரவிட்டார். நர்சுகள் அவர் போன இடமெல்லாம் பின்தொடர்ந்து கோஷமிட்டார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். உத்தரவு செல்லாது என்றாயிற்று.

அலமாரியை நகர்த்துங்கள், ரிஜிஸ்தரைக் குறையுங்கள், நாமும் கைகொடுக்கிறோம். ஆனால் மிச்சமாகும் நேரத்தைக் காட்டி ஒரு நர்ஸ் வேலையைக்கூட ரத்து செய்யக்கூடாது. தொகுப்பூதிய நர்சுகளை நிரந்தரமாக்க வேண்டும். கலிபோர்னியாவைப் போல அளவைச் சட்டமாக்க வேண்டும். பிரான்சிஸ் அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் 2014ல் வந்த ஏற்பாட்டை இங்கேயும் உடனே செய்யலாம். அதற்குப் பெரிய செலவு கிடையாது. வார்டு வாசலில் ஒரு கரும்பலகை: இந்த ஷிப்டுக்கு இருக்கவேண்டிய நர்சுகள் எத்தனை, வந்திருப்பவர்கள் எத்தனை என்று சாக்கட்டியால் எழுதிப் போடட்டும்.