வேரில்லாத பாசி... எலும்பில்லாத திருக்கை!

‘‘எங்கள் மாந்தோப்பில், மழைக்காலம் வந்தால் அடிமரத்தில் பச்சைப் பாசி படர்கிறது. ‘அது மரத்தின் சத்தை உறிஞ்சிவிடும், மயில்துத்தம் கரைத்து அடியுங்கள்’ என்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் மகளோ, ‘திருக்கை மீனுக்கு எலும்பு இல்லாத மாதிரி, பாசிக்கு வேரே இல்லை’ என்கிறாள். எது சரி?’’

- வாசகர், கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.

மகள் சொல்வதுதான் சரி. கிணற்றிலும் குட்டையிலும் வழுக்கும் பாசி வேறு. ஜவ்வாது மலைப் பாறைகளிலும் மரப்பட்டையிலும் வெல்வெட் துணிபோலப் படரும் பாசி வேறு. இதைப் பாடப்புத்தகத்தில் ‘மாஸ்’ என்பார்கள். வேர்போலத் தெரியும் மெல்லிய இழைகள், பட்டையைப் பற்றிக்கொள்ள மட்டுமே. மழையையும் பனியையும் இலைகளே உறிஞ்சிக்கொள்ளும். உணவையும் தானே தயாரித்துக்கொள்ளும். கோடையில் கருகியதுபோலக் கிடந்தாலும், மழை பட்டதும் பச்சையாகிவிடும்.

திருக்கை, சுறாவின் உறவு. அதன் உடலைத் தாங்குவது, காது மடலில் இருப்பது போன்ற குருத்தெலும்பு. கடல்நீரின் உப்பைச் சமாளிக்க, தசையில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கும். இறந்தபின் அது அமோனியாவாக மாறும். சந்தையில் விற்கும் திருக்கைக் கருவாட்டின் நெடிக்குக் காரணம் அதுதான். வாலில் உள்ள விஷமுள் தற்காப்புக்கானது.

இரண்டும் பெருகும் விதம்தான் நேரெதிர். பாசி, காற்றில் ஏராளமான வித்துத்தூளைப் பரப்பும். விஷமுள் உள்ள திருக்கைகள், ஓர் ஈத்துக்குச் சில குட்டிகளையே ஈனும். அளவுக்கு மீறிப் பிடித்தால் எண்ணிக்கை சீக்கிரம் மீளாது. உடலெங்கும் முள் நிறைந்த ஒருவகைத் திருக்கை, 2001-ம் ஆண்டிலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

மாமரத்துக்கு வருவோம். வேரில்லாத பாசியால் மரத்தின் சத்தை எடுக்க முடியாது. அதற்காக மயில்துத்தம் அடித்தால் செலவுதான் மிச்சம். தாமிரம் மண்ணில் தங்கி மண்புழுக்களையும் பாதிக்கும். பாசி அதிகமாக இருந்தால், அங்கே நிழலும் ஈரமும் கூடுதல் என்று பொருள். அறுவடை முடிந்ததும் நெருக்கமான உள்கிளைகளைக் கவாத்து செய்து, வெயிலும் காற்றும் புக வழி செய்தால் போதும்.

உண்மையில் சத்தை உறிஞ்சுவது புல்லுருவி. அது கிளைக்குள்ளேயே உறிஞ்சுவேரை இறக்கிவிடும். காய் பழுத்துப் பறவைகள் விதையைப் பரப்பும் முன்பே, அது ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே கிளையோடு சேர்த்து வெட்டி அகற்ற வேண்டும்.