மாமாவுக்காகப் போட்ட கையெழுத்து

போன மாதம் ஒரு தம்பி என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். வயது 29, கணினித் துறையில் வேலை. தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு சென்னை போக டிக்கெட் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து ஊழியர் சேமநிதி வாரியத்திலிருந்து ஒரு கடிதம். அவருடைய மாமாவின் லோரி நிறுவனம் 14 மாதங்களாகத் தொழிலாளர்களுக்கு இபிஎஃப் கட்டவில்லை. அந்தப் பாக்கிக்கு இவரும் பொறுப்பாம்.

“அண்ணே, அந்தக் கம்பெனி வாசலைக்கூட நான் மிதிச்சதில்லை. ‘ரெண்டு டைரக்டர் வேணும், சும்மா ஒரு கையெழுத்துப் போடு’ன்னு மூணு வருஷத்துக்கு முன்னால மாமா சொன்னாரு, போட்டேன். நேர்மையா நடந்தவங்களைக் கோர்ட்டு மன்னிக்கும்னு சட்டத்துல இருக்காமே?”

இருக்கிறது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 581ஆவது பிரிவு அது. கவனக்குறைவு, கடமை தவறுதல் போன்ற வழக்கில் மாட்டிய இயக்குநர், நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்திருந்தால், எல்லாச் சூழ்நிலைகளையும் பார்த்து நீதிமன்றம் அவரை முழுமையாகவோ ஓரளவுக்கோ விடுவிக்கலாம்.

ஆனால் இபிஎஃப் பாக்கி நிறுவனச் சட்டத்தில் பிறந்த கடன் அல்ல. சிக்கலே இங்குதான்.

இதே போன்ற பிரிவு இங்கிலாந்துச் சட்டத்திலும் இருந்தது. பந்தயத் தொழில் நடத்திய ஹீடன் ஆல்ஃபா நிறுவனம் பந்தய வரி கட்டாத வழக்கில், அதன் இயக்குநர் அந்தப் பிரிவைக் காட்டி விலக்குக் கேட்டார். 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. இயக்குநர் நிறுவனத்துக்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறினால் அந்தப் பிரிவு உதவும். வேறொரு சட்டத்தின்கீழ் வெளியார் கேட்கும் கடனுக்கு உதவாது என்றது. 1992இல் இந்திய உச்ச நீதிமன்றமும் தங்கள் நாட்டு நிறுவனச் சட்டப் பிரிவு மற்ற சட்டங்களுக்குப் பொருந்தாது என்றே தீர்ப்பளித்தது.

நம் 1991ஆம் ஆண்டு இபிஎஃப் சட்டத்தின் 46ஆவது பிரிவோ, பாக்கி ஏற்பட்ட காலத்தில் இயக்குநராக இருந்தவர்களை நிறுவனத்தோடு கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகளாக்குகிறது. பெயருக்கு இருந்தவர், உழைத்தவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பாக்கிதாரர் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

தம்பியிடம் இன்னொன்றும் சொன்னேன். 581 பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் ஒரு கணக்கைக்கூடக் கேட்டுப் பார்க்காதவர் ‘நேர்மையாக இருந்தேன்’ என்று சொல்லலாம். ‘நியாயமாக நடந்தேன்’ என்று எப்படிச் சொல்வது?

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. மாமா சொன்ன காரணமும் சரியில்லை. 2017 முதல் தனியார் நிறுவனத்துக்கு ஓர் இயக்குநரே போதும்.

பிறகு மாமாவையும் அழைத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனோம். மாமா ஒரு லோரியை விற்று முன்பணம் கட்டினார், மீதிக்குத் தவணை. சென்னைக்கு அம்மாவும் தங்கையும் மட்டும் போனார்கள். தம்பி வீட்டிலிருந்து வீடியோவில் சேலை பார்த்தார்.

உறவுக்காகக் கையெழுத்துப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். போடும்முன், கேளுங்கள்: இபிஎஃப், சொக்சோ ரசீதுகளை மாதாமாதம் காட்டுவார்களா? இபிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். உங்கள் பெயரில் பங்கு எவ்வளவு? நிர்வாகத்தில் ஈடுபட்டு, 20 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருந்தால் நிறுவனத்தின் வருமான வரிப் பாக்கியும் உங்களைத் தேடி வரலாம். விலகுவதானால் எழுத்துமூலம் விலகி, எஸ்எஸ்எம் பதிவில் உங்கள் பெயர் நீங்கியதா என்று நீங்களே பாருங்கள். விலகினாலும் நீங்கள் இருந்த காலத்துப் பாக்கி உங்களை விடாது.

லோரி ஓட்டுநர்களின் 14 மாதச் சேமிப்பு அது. அவர்களை நினைத்தால், சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பது புரியும்.