அம்மாவின் ஃபோனில் ஒரு குழந்தை

முன்பின் தெரியாதவர்களிடம் பெயர், முகவரி சொல்லாதே என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு நன்றாகவே புரிகிறது. தான் ஒளித்துவைத்த பெட்டியைத் தம்பி திறந்தால் சண்டைக்குப் போகிறது. ரகசியம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். ஆனால், அது ஆளுக்கும் ஆளுக்கும் இடையிலான ரகசியம். திரையில் சிரிக்கும் கார்ட்டூன் கரடி அதன் கணக்கில் அந்நியர் அல்ல. எதைத் தொட்டோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று எங்கோ ஒரு நிறுவனம் குறித்துவைக்கும் என்பது அதற்கு எட்டாது. பெரியவர்கள் பலருக்குமே எட்டுவதில்லை. பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் குழந்தைகளின் குரல் தொடர்பான தகவல்களை அலெக்ஸா முழுதாக அழிக்கவில்லை என்ற வழக்கில், 2023இல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டு நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால், நம் வீடுகளில் குழந்தைக்கென்று தனிக் கணக்கு ஏது? சோறு ஊட்டும்போது கையில் கொடுப்பது அம்மாவின் ஃபோன். யூடியூபைப் பொறுத்தவரை பாட்டுப் பார்ப்பது முப்பது வயதுப் பெண். ஒப்புதல் கேட்க வேண்டிய கட்டமே வருவதில்லை. வாசலில் காவல் போட்டிருக்கிறோம்; பிள்ளை கொல்லைப்புறமாகப் போய்வருகிறது.

எனவே, வேலை வீட்டிலும் பள்ளியிலும்தான் தொடங்க வேண்டும். குழந்தை குளிப்பது, அழுவது, ரேங்க் கார்டு என எல்லாமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுகின்றன. ஒருவரைப் படமெடுத்து ஊருக்குக் காட்ட அவரைக் கேட்க வேண்டியதில்லை என்ற பாடத்தைப் பேச்சு வருவதற்கு முன்பே கற்பித்துவிடுகிறோம். பிறகு எட்டாம் வகுப்பில் இணையப் பாதுகாப்பு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம்! “இந்தப் படத்தை அத்தைக்கு அனுப்பட்டுமா?” என்று மூன்று வயதிலேயே கேட்கலாம். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அனுப்பாமல் இருப்பதுதான் கடினம். அதைச் செய்யாவிட்டால் கேட்டதற்கே பொருளில்லை.

பள்ளிகளின் பொறுப்பு இன்னும் பெரிது. சட்டத்தின் விதிகள் கல்வி நிறுவனங்களுக்குத் தரும் விலக்கு, கற்பித்தலுக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் உரியது. அட்மிஷன் விளம்பரத்துக்கு அல்ல. பெயர், வகுப்பு, சீருடையோடு மாணவர் படங்களை முகநூலில் போடுவதைப் பள்ளிக்கல்வித் துறை அடுத்த கல்வியாண்டுக்குள் சுற்றறிக்கை வழியே தடுக்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் அடியில், பொடி எழுத்துக்குக் கீழே வாங்கும் ஒற்றைக் கையெழுத்து ஒப்புதல் ஆகாது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.