காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி

உங்க வீட்டுலயோ, மாமா வீட்டுக் குடோன்லயோ ஒரு பழைய வண்டி நிக்குதா? லாரி, டிராக்டர், மோட்டார் சைக்கிள், எதுவா இருந்தாலும் சரி. "கிலோ என்ன விலைக்குப் போகும்"னு யாராவது கேக்க ஆரம்பிச்சிருந்தா, இதை இப்பவே படிங்க.

போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டுல அந்தக் கேள்வி வந்தது. சங்ககிரி பக்கத்துல எங்க பழைய மஞ்சள் குடோனைக் காலி பண்ணணும். உள்ளே அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, ஓட்டின லாரி. டயர் தரையோட ஒட்டியிருக்கு, கேபின்ல கோழி முட்டை வெச்சிருக்கு. அப்பா சொன்னார்: "எழுவத்திரெண்டுல அப்பாரு புதுசா எடுத்த வண்டி. டாடா." சின்ன வயசுல இருந்து நானும் கேட்ட கதைதான். முன்னாடி கிரில்ல 'டி' எழுத்துச் சின்னமும் இருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

நம்பர் பிளேட்தான் சந்தேகத்தைக் கிளப்பிச்சு. 'எம்டி'ன்னு தொடங்குது. இது நம்ம மாநிலம் 'மெட்ராஸ்'னு இருந்த காலத்து எழுத்து. பேர் மாறினது 1969 ஜனவரியில. சின்னத்தைக் கழட்டிப் பார்த்தேன். அதுக்கு அடியில வேற ஏதோ ஒரு சின்னம் மாட்டியிருந்த பழைய ஓட்டைகள்.

இங்கே கொஞ்சம் வரலாறு. டெல்கோ கம்பெனி 1945-ல ரயில் இன்ஜின் செய்யத் தொடங்கினது. 1954-ல ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸோட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூர்ல லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. 1969-ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சது. அதுவரைக்கும் முகப்புல இருந்தது மூணு முனை நட்சத்திரம், அதுக்கப்புறம்தான் 'டி'. நம்ம ஊர்ப் பெரியவங்க இன்னும் 'பென்ஸ் லாரி'ன்னு சொல்றது இதனாலதான்.

சின்னத்தை யாரு வேணா மாத்தலாம். அதனால அடுத்து இன்ஜின். எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழட்டிக் கொடுத்தார். ஆறு சிலிண்டர். அளந்து பார்த்தா விட்டம் சுமார் 90 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ. ஃபர்ஸ்ட் இயர்ல போட்ட அதே கணக்குதான், 4580 சிசி வருது. பென்ஸோட ஓஎம் 312 இன்ஜினின் அளவும் அதேதான். ஆனா இன்ஜினையும் மாத்தலாம். கடைசியா நம்பவேண்டியது சேஸிஸ்ல குத்தியிருக்கிற நம்பரை. மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், சாக்பீஸ் பொடி, இவ்வளவுதான் செலவு. கிரைண்டரை மட்டும் பக்கத்துல கொண்டு போகாதீங்க. நம்பர் அழிஞ்சா வண்டியோட அடையாளமே போச்சு.

அந்த நம்பர் அப்பாரோட டிரங்குப் பெட்டியில இருந்த ஆர்சி புத்தகத்தோட அப்படியே பொருந்திச்சு. உற்பத்தி ஆண்டு 1964. முதல் ஓனர் வேற ஒருத்தர். 1972-ல பேர் மாத்தி, அப்பாரு ரெண்டாவது ஓனர்.

அப்பாவுக்கு முகமே வாடிப்போச்சு. அம்பது வருசமா சொன்ன கதையாச்சே. அப்பத்தா மட்டும் சாதாரணமா சொன்னாங்க: "அந்த மொதலாளி வண்டிதான் கண்ணு. எட்டு வருசம் அதுலயே டிரைவரா ஓட்டுனாரு. அப்பறம் என்ற கொடிய அடமானம் வெச்சு வாங்குனோம். யாருமே கேக்கல, நானும் சொல்லல."

புதுசா வண்டி எடுத்த பணக்காரரைவிட, தான் சம்பளத்துக்கு ஓட்டின வண்டியையே வாங்கின டிரைவர் எனக்குப் பெரிய ஆளாத் தெரியறார். அப்பத்தாவோட கொடி இல்லாம அதுவும் நடந்திருக்காது. லாரியை அப்படியே எடைக்குப் போட்டிருந்தா இது எதுவும் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இதுல எனக்கு ஒரு கோபமும் இருக்கு. 50 வருடம் தாண்டின வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொடுக்க 2021-ல மத்திய அரசு விதி கொண்டு வந்தது. அது சொந்த உபயோகத்துக்கான டூவீலருக்கும் காருக்கும் மட்டும்தான். லாரிக்கு இடமில்லை. ஜமீன் வீட்டுக் கார் பாரம்பரியம், நெல்லும் சிமென்ட்டும் சுமந்த லாரி வெறும் இரும்பா?

"இடம் யாரு கொடுப்பா, துரு யாரு எடுப்பா"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். எங்க வண்டியும் நிக்குமான்னு இன்னும் முடிவாகலை. எல்லாத்தையும் காப்பாத்துங்கன்னு நான் சொல்லலை. விக்கறதுக்கு முன்னாடி நாலு நாள் கொடுங்க. பெயின்ட் அடிக்காம, கழுவாம முதல்ல போட்டோ எடுங்க. சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பாடி கட்டின பட்டறையோட தகடு எல்லாத்தையும் குறிச்சு வைங்க. ஆர்சி, பெர்மிட், கணக்கு நோட்டைத் தேடுங்க. மெக்கானிக்கைக் கேளுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி வீட்டுல இருக்கிற பாட்டியைக் கேளுங்க. வண்டி இன்னும் பத்து வருசம்கூட குடோன்ல நிக்கும். அவங்ககிட்ட அவ்வளவு நேரம் இருக்குமான்னு சொல்ல முடியாது.