திரையில் தெரிபவள் யார்?

"சினிமாதானே, பார்த்துட்டுப் போவோம்" என்கிறோம். ஆனால் பார்த்தது மனசை விட்டு லேசில் போவதில்லை.

1972-ல் வந்தது 'பட்டிக்காடா பட்டணமா'. லண்டனில் படித்த மனைவியைக் கிராமத்துக் கணவன் வழிக்குக் கொண்டு வருகிறான். 1992-ல் வந்தது 'மன்னன்'. தொழிற்சாலையையே நிர்வகிக்கும் பெண், கடைசியில் பதவியை விட்டுக் குடும்பத்தலைவி ஆகிறாள். இருபது வருஷம் ஓடியும் கதை நகரவில்லை! படித்தவள், சம்பாதிப்பவள் என்றாலே திமிர் பிடித்தவள். அவளை அடக்குபவன் ஹீரோ. தியேட்டரில் விசில் பறக்கிறது.

இங்கிலாந்தின் லாரா மல்வி, ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து 1975-ல் ஒரு கட்டுரை எழுதினார். பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண், கேமராவே ஆணின் கண் என்பது அதன் சாரம். நம் படங்களுக்கும் இது பொருந்தத்தானே செய்கிறது?

மாற்ற முடியாதா? டி.பி.ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிக் காட்டினார். 1994-ல் வந்த 'மகளிர் மட்டும்' ஆபீஸில் பெண்கள் படும் தொல்லையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது. அதை இயக்கியவர் ஆண்தான். ஆக, மனமிருந்தால் யாராலும் முடியும்.

இதெல்லாம் பாலிடெக்னிக்கில் எதற்கு என்கிறீர்களா? "பொம்பளப் புள்ளைக்கு மெக்கானிக்கல் எதுக்கு?" என்று கேட்கும் அப்பா, லேத் முன்னால் நிற்கும் கதாநாயகியை எத்தனை படத்தில் பார்த்திருப்பார்? காட்டாததை எப்படி நம்புவார்?

தோழர்களே, அடுத்த தடவை விசிலடிக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்: திரையில் அடக்கப்படுபவள், உங்கள் பக்கத்து பெஞ்சில் படிப்பவள்தானே?